எந்த நிலையம் முதலில் நின்றது? இரண்டு பிஎல்சி கடிகாரங்களின் விலகலால் திசைமாறிய ஒரு விசாரணை

பின்னணி

இந்த ஆய்வில் பேசப்படுவது ஒரு கூட்டுக் குடிநீர்த் திட்டத்தின் இரண்டு நீரேற்று நிலையங்கள். முதல் நிலையம் ஆற்றங்கரையில், தடித்த சுவர்களும் கான்கிரீட் கூரையும் கொண்ட பழைய கட்டடத்தில் இருக்கிறது. இரண்டாம் நிலையம் அங்கிருந்து 11 கிலோமீட்டர் தொலைவில், தகரக் கூரை போட்ட சிறிய அறையோடு, ஒரு பெரிய தரைமட்டத் தொட்டியின் பக்கத்தில் நிற்கிறது. இரண்டையும் இணைப்பது 600 மில்லிமீட்டர் விட்டமுள்ள எஃகுக் குழாய். அது வழியில் ஒரு மேட்டில் ஏறி, பிறகு தொட்டியை நோக்கிச் சாய்ந்து இறங்குகிறது. முதல் நிலையத்தின் பம்புகள் ஓடும்போது குழாயில் நீர் விநாடிக்குச் சுமார் 1.2 மீட்டர் வேகத்தில் செல்லும்.

ஒவ்வொரு நிலையத்திலும் கருவிகளைக் கட்டுப்படுத்தும் சிறு தொழில்துறைக் கணினியான பிஎல்சி ஒன்று உண்டு. பம்பு ஓடியது, நின்றது, வால்வு திறந்தது, மூடியது, ஓட்டம் குறைந்தது போன்றவற்றை அது தன் கடிகாரத்தின் நேரத்தோடு நிகழ்வுப் பட்டியலில் எழுதி வைக்கும். சிம் கார்டு ரவுட்டர் வழியாகச் சுத்திகரிப்பு நிலையத்திலிருந்து எல்லா நிலையங்களையும் கண்காணிக்கும் ஸ்காடா கணினி அந்தப் பட்டியல்களை எடுத்துக்கொள்ளும். டேட்டா செலவைக் குறைப்பதற்காக அழுத்தம், ஓட்டம் ஆகிய அளவுகளை அது ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறைதான் வாசித்தது. நிகழ்வுகளுக்கு மட்டும் பிஎல்சி இட்ட நேர முத்திரை அப்படியே வந்து சேரும். திட்டத்தை இயக்கிப் பராமரிப்பது ஓர் ஒப்பந்த நிறுவனம். இரவுப் பணியில் நிலையத்துக்கு ஓர் ஆப்பரேட்டர் மட்டுமே இருப்பார்.

இரண்டு பிஎல்சிகளின் கடிகாரங்களும் கடைசியாகச் சரிசெய்யப்பட்டது ஜனவரி இறுதியில், பேட்டரி மாற்றியபோது. அதன் பிறகு அவற்றை யாரும் பார்க்கவில்லை, பார்க்க வேண்டும் என்று எந்தப் பராமரிப்பு அட்டவணையிலும் எழுதப்படவுமில்லை.

நிகழ்வும் முதல் விசாரணையும்

மே மாத இறுதியில் ஒரு நாள் அதிகாலையில், மேட்டுப் பகுதியில், குழாய்க்குள் காற்றை விடவும் வெளியேற்றவும் உள்ள ஏர் வால்வின் தொட்டிக்குப் பக்கத்தில் குழாயின் ஃபிளாஞ்ச் (விளிம்புத் தட்டு) இணைப்பு பிய்ந்து, வயலில் நீர் பெருகி நிற்பதைக் குழாய்க் காவலர் கண்டார். முந்தைய இரவு இரண்டே முக்கால் மணியளவில் பம்புகள் நின்றதும், இரண்டாம் நிலையத்தின் நுழைவு வால்வு மூடப்பட்டதும் பட்டியலில் பதிவாகியிருந்தன. இரண்டில் எது முதலில் நடந்தது என்பதுதான் பொறுப்பு யாருடையது என்ற கேள்வியாக மாறியது.

ஸ்காடா கணினி இரண்டு நிலையங்களின் பட்டியல்களையும் நேரப்படி ஒன்றாக அடுக்கி அச்சிட்டுத் தந்தது. அதில் மூன்று வரிகள் முக்கியமானவை. இரண்டாம் நிலையத்தில் 2:39:38க்கு நுழைவு ஓட்டம் குறைவு என்ற எச்சரிக்கை. அதே நிலையத்தில் 2:41:10க்கு நுழைவு வால்வு மூடத் தொடக்கம். முதல் நிலையத்தில் 2:44:52க்கு மின்னழுத்தக் குறைவால் பம்புகள் டிரிப், அதாவது தானாக நின்றது. இந்த வரிசையை அப்படியே எடுத்துக்கொண்டால், முதல் நிலையத்தில் பம்புகள் ஓடிக்கொண்டிருக்கும்போதே இரண்டாம் நிலைய ஆப்பரேட்டர் வால்வை மூடியிருக்கிறார், அடைபட்ட குழாயில் அழுத்தம் ஏறி இணைப்பு பிய்ந்திருக்கிறது, மூன்றே முக்கால் நிமிடம் கழித்து பம்புகள் நின்றிருக்கின்றன.

ஆப்பரேட்டர் தன் விளக்கத்தில் வேறு விதமாகச் சொன்னார்: "சார், மீட்டர்ல ஓட்டம் விழுந்துச்சு. கரண்ட் போச்சுன்னு அங்கிருந்து போனும் வந்துச்சு. அதுக்கப்புறம்தான் நான் வால்வை மூடினேன்." மின்தடையால் பம்புகள் நின்றால் நுழைவு வால்வை மூட வேண்டும் என்பது நிலையான உத்தரவு. மூடாவிட்டால் மேட்டுக்கு இப்புறம் குழாயில் நிற்கும் நீர் முழுவதும் தொட்டிக்குள் வடிந்துவிடும். பிறகு குழாயை நிரப்பிக் காற்றை வெளியேற்றவே பாதி நாள் போய்விடும். இரண்டாம் நிலையத்துக்கு மின்சாரம் வேறொரு ஃபீடரிலிருந்து (மின்பாதையிலிருந்து) வருவதால் அங்கே விளக்கு அணையவில்லை, மோட்டார் வால்வும் வேலை செய்தது.

பட்டியலோடு ஒத்துப்போகவில்லை என்ற காரணத்தால் அவருடைய விளக்கம் ஏற்கப்படவில்லை. வால்வு மூடத் தொடங்குவதற்கு 92 விநாடி முன்பே ஓட்டம் குறைந்ததற்கான எச்சரிக்கை இருப்பதைச் சிலர் கவனிக்கத்தான் செய்தார்கள். ஆனால் அதுவும் அவருக்கு எதிராகவே வாசிக்கப்பட்டது. மோட்டாரை இயக்கும் முன்பே கைச்சக்கரத்தைச் சுற்றி வால்வைப் பாதி மூடியிருப்பார் என்று முதல் அறிக்கை எழுதியது. தவறான வரிசையை ஒரு முறை உண்மையென்று ஏற்றுக்கொண்டால், அதற்குப் பொருந்தாத ஒவ்வொரு தடயமும் புதிய ஊகமாக மாறும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியாது. ஆப்பரேட்டருக்கு விளக்கக் குறிப்பாணை போனது, ஒப்பந்த நிறுவனத்தின் பில்லில் பழுதுச் செலவைப் பிடித்தம் செய்யவும் பரிந்துரைக்கப்பட்டது.

எழுந்த ஐயங்கள்

பிடித்தத்தை எதிர்த்த ஒப்பந்த நிறுவனம், நிலையங்களின் மின்கட்டுப்பாட்டுப் பேனல் பணிகளைச் செய்துவந்த எங்களிடம் பட்டியல்களைப் பார்க்கச் சொன்னது. அறிக்கையை வாசித்தபோது கடிகாரத்தைப் பற்றிய ஐயம் முதலில் எழவில்லை. நீரியல் கணக்குதான் முதலில் இடித்தது. நுழைவு வால்வு முழுவதும் மூட 90 விநாடி ஆகும். எஃகுக் குழாயில் அழுத்த அலை விநாடிக்கு ஏறத்தாழ 1000 மீட்டர் செல்லும் என்று கொண்டால், அது 11 கிலோமீட்டர் போய்த் திரும்ப 22 விநாடி போதும். அதைவிடப் பல மடங்கு மெதுவாக மூடும் வால்வு கடுமையான நீரடியை, அதாவது நீரோட்டம் திடீரெனத் தடைபடும்போது எழும் அழுத்த அதிர்ச்சியை, உண்டாக்காது. முழுவதும் மூடிய வால்வுக்கு எதிராகப் பம்புகள் ஓடினாலும் அவற்றால் எழுப்ப முடிந்த உச்ச அழுத்தம், நீர்த்தம்ப உயரக் கணக்கில், 105 மீட்டர்தான். அந்தக் குழாயோ 150 மீட்டர் அழுத்தத்தில் சோதிக்கப்பட்டது. ஆக, அறிக்கை சொன்ன வழியில் அந்த இணைப்பு பிய்வது கடினம்.

மறுபுறம், ஓடிக்கொண்டிருக்கும் பம்புகள் திடீரென நின்றால் நிலைமை வேறு. மாஸ்கோ குடிநீர்க் குழாய்களில் செய்த சோதனைகளை வைத்து ரஷ்ய அறிவியலாளர் ஜுகோவ்ஸ்கி 1898இல் வெளியிட்ட சமன்பாட்டின்படி, விநாடிக்கு 1.2 மீட்டர் வேகத்தில் செல்லும் நீர் நொடியில் தடைபட்டால் அழுத்தம் சுமார் 122 மீட்டர் அளவுக்கு மாறும். பம்பு நின்றதும் முதலில் அழுத்தம் விழும், மேட்டில் வெற்றிடம் உண்டாகும், பிரிந்த நீர்த்தம்பங்கள் மீண்டும் மோதும்போது அழுத்தம் பாய்ந்தேறும். இணைப்பு பிய்ந்த இடமும் அந்த மேடுதான்.

இயற்பியல் ஒரு வரிசையையும் பட்டியல் வேறொரு வரிசையையும் சொன்னால், பட்டியலின் நேரம் எங்கிருந்து வந்தது என்று கேட்பதுதான் அடுத்த வேலை. இதில் புதுமை ஒன்றுமில்லை. 2003 ஆகஸ்ட் 14 அன்று வட அமெரிக்காவின் வடகிழக்குப் பகுதி இருளில் மூழ்கியபோது, அதை விசாரித்த அமெரிக்க-கனடா கூட்டுக்குழு, பதிவுக்கருவிகள் பலவற்றின் நேரம் ஒன்றோடொன்று பொருந்தாததால் நிகழ்வு வரிசையை அமைக்கவே பெரும் உழைப்பைச் செலவிட்டது. நேரம் ஒருங்கிணைந்த பதிவுக்கருவிகளைக் கட்டாயமாக்க வேண்டும் என்பது அதன் பரிந்துரைகளில் ஒன்று.

கடிகாரத்தை அளந்தது

நிலையங்களுக்குத் தொலைபேசியில் முதலில் சொன்னது, பிஎல்சி நேரத்தை யாரும் தொட வேண்டாம் என்பதுதான். இது சிறிய விஷயமாகத் தோன்றலாம். ஆனால் கடிகாரம் தவறு என்று தெரிந்தவுடன் அதைச் சரிசெய்துவிடுவதுதான் எந்தத் தொழில்நுட்பரும் இயல்பாகச் செய்வது, இங்கும் ஒருவர் மடிக்கணினியோடு கிளம்பியிருந்தார். அவர் ஒரு பொத்தானை அழுத்தியிருந்தால், அன்றிரவு அந்தக் கடிகாரம் எவ்வளவு பிசகியிருந்தது என்பதைக் கணக்கிட இருந்த ஒரே நேரடிச் சான்று அழிந்திருக்கும்.

அளக்கும் முறை எளியது. பிஎல்சியோடு மடிக்கணினியை இணைத்து, கடிகாரப் பதிவேட்டின் மணி, நிமிடம், விநாடியை நேரலையில் திரையில் வைத்தோம். பக்கத்தில் செயற்கைக்கோள் நேரத்தைக் காட்டும் ஜிபிஎஸ் கருவி. இரண்டும் ஒரே சட்டகத்தில் தெரியும்படி கைபேசியில் சில நிமிடங்கள் வீடியோ எடுத்து, பிறகு ஒவ்வொரு சட்டகமாக நகர்த்தி, இரண்டிலும் விநாடி மாறும் கணங்களை ஒப்பிட்டோம். திரை புதுப்பிக்கப்படும் தாமதம் ஒரு விநாடிக்குள்தான் இருந்தது, எங்களுக்கு அதைவிட நுட்பம் தேவையில்லை. பேனலின் கதவைத் திறந்து வைத்து அளந்தால் உள்ளே வெப்பம் குறைந்து கடிகாரத்தின் ஓட்டமே மாறிவிடும் என்பதால், கேபிளை உள்ளே விட்டு, கதவைச் சாத்திய பிறகே தொடர் அளவீடுகளை எடுத்தோம்.

நிகழ்வு நடந்து 19 நாள் கழித்து முதல் அளவீடு. இரண்டாம் நிலையத்தின் பிஎல்சி 434 விநாடி, அதாவது 7 நிமிடம் 14 விநாடி பின்தங்கியிருந்தது. முதல் நிலையத்தினுடையது 33 விநாடி மட்டுமே பின்தங்கியிருந்தது. ஒரு வாரம் விட்டு மீண்டும் அளந்தபோது, இரண்டாம் நிலையக் கடிகாரம் நாளுக்கு 3.4 விநாடியும் முதல் நிலையக் கடிகாரம் நாளுக்குக் கால் விநாடியும் பின்தங்கி வருவது தெரிந்தது.

ஏன் இவ்வளவு பின்தங்கியது

பிஎல்சி கடிகாரம் பழுது என்றே எல்லோரும் முதலில் நினைத்தார்கள். பழுது ஏதுமில்லை. கைக்கடிகாரத்தில் இருப்பதைப் போன்ற, இசைக்கவை வடிவில் வெட்டிய சிறு குவார்ட்ஸ் படிகம்தான் பெரும்பாலான பிஎல்சிகளின் நேரத்தையும் நடத்துகிறது. விநாடிக்கு 32,768 முறை அதிரும் அதை 15 முறை இரண்டால் வகுத்தால் ஒரு விநாடித் துடிப்பு கிடைக்கும். இந்த வகைப் படிகம் 25 டிகிரி செல்சியஸ் அருகில்தான் மிக வேகமாக அதிரும்படி வெட்டப்படுகிறது. அதிலிருந்து வெப்பம் ஏறினாலும் இறங்கினாலும் அதிர்வு குறையும், அதுவும் வெப்ப வேறுபாட்டின் வர்க்கத்துக்கு ஏற்பக் குறையும். ஒரு டிகிரியின் வர்க்கத்துக்குப் பத்து இலட்சத்தில் ஏறத்தாழ 0.034 பங்கு என்பது வழக்கமான மதிப்பு. 55 டிகிரியில் இது பத்து இலட்சத்தில் 30 பங்குக்குச் சற்று மேல், நாளுக்கு 2.6 விநாடி. இதன் மேல், படிகத்தைத் தயாரிக்கும்போதே விடப்படும் சகிப்பு ஒன்று உண்டு. பத்து இலட்சத்தில் 20 பங்கு வரை கூடவோ குறையவோ இருப்பது சாதாரணம்.

மனிதர் கையில் கட்டிய கடிகாரம் உடல் வெப்பத்தால் 25 முதல் 30 டிகிரிக்குள்ளேயே இருந்துவிடுகிறது. அதே படிகம் பேனலுக்குள் அடைபட்டால் வேறு வாழ்க்கை. இரண்டாம் நிலைய பேனலில் மோட்டாரை மெதுவாக முடுக்கும் சாஃப்ட் ஸ்டார்ட்டரும் மின்வழங்கியும் பிஎல்சிக்கு நேர் கீழே பொருத்தப்பட்டிருந்தன, காற்றாடியின் வடிகட்டியில் தூசி அடைத்திருந்தது, மேலே தகரக் கூரை. பிஎல்சியின் அருகே பகலில் 57 டிகிரியும் விடியற்காலையில் 46 டிகிரியும் அளந்தோம். அந்த வெப்பத்துக்கு மட்டும் கணக்கிட்டால் நாளுக்கு இரண்டு விநாடிக்குச் சற்று மேல் வருகிறது. மீதியைப் படிகத்தின் பிறவிச் சகிப்பு விளக்கிவிடுகிறது. முதல் நிலையத்தின் கடிகாரம் நல்லதாக அமைந்தது தரத்தால் அல்ல. அங்கே சுவர் தடிமனாக இருந்தது, படிகத்தின் பிறவிப் பிழையும் வெப்பப் பிழையை ஓரளவு ஈடுசெய்யும் திசையில் அமைந்துவிட்டது.

கையேடுகள் இதை மறைப்பதில்லை. சீமன்ஸ் எஸ்7-1200க்கு 25 டிகிரியில் மாதத்துக்கு 60 விநாடி கூட்டியோ குறைத்தோ என்றும், மிட்சுபிஷி எஃப்எக்ஸ்3யூவுக்கு 45 விநாடி என்றும் வெளிப்படையாகவே அச்சிட்டிருக்கிறார்கள். அந்த வரியில் உள்ள 25 டிகிரியைத்தான் யாரும் வாசிப்பதில்லை. நம் ஊர் பேனல் எதுவும் அந்த வெப்பநிலையில் இருப்பதில்லை. வெயிலில் கடிகாரம் முந்துவதும் குளிரில் பிந்துவதுமாகச் சராசரியில் சரியாகிவிடும் என்ற நம்பிக்கையும் இந்த வகைப் படிகத்துக்குச் செல்லாது. எந்தப் பக்கம் விலகினாலும் அதன் ஓட்டம் குறையத்தான் செய்யும்.

நேரங்களைத் திரும்ப அடுக்கியது

அளவீட்டு நாளின் பிழையிலிருந்து நிகழ்வு நாளின் பிழைக்குப் பின்னோக்கிச் செல்ல வேண்டியிருந்தது. நாளுக்கு 3.4 விநாடி வீதம் 19 நாளுக்கு 65 விநாடி. ஆக, அன்றிரவு இரண்டாம் நிலையக் கடிகாரம் சுமார் 369 விநாடி, அதாவது 6 நிமிடம் 9 விநாடி பின்தங்கியிருந்தது. இடைப்பட்ட நாள்களில் வெப்பம் மாறியிருக்கலாம் என்பதால் வீதத்தை 3.2இலிருந்து 3.7 வரை மாற்றிப் பார்த்தோம். விடை 364க்கும் 373க்கும் இடையில்தான் நின்றது. ஜனவரி இறுதியிலிருந்து நான்கு மாதத்தில் சேர்ந்த மொத்தப் பிழை என்று பார்த்தாலும் நாளுக்குச் சராசரி மூன்று விநாடி வருகிறது. குளிர் மாதங்களையும் உள்ளடக்கிய சராசரி ஜூன் மாத வீதத்தைவிடச் சற்றுக் குறைவாக இருப்பது பொருத்தமே. முதல் நிலையத்துக்கு அதே கணக்கு 28 விநாடி.

திருத்திய நேரங்கள் இப்படி அமைந்தன. பம்புகள் டிரிப் ஆனது 2:45:20. இரண்டாம் நிலையத்தில் ஓட்டம் குறைந்த எச்சரிக்கை 2:45:47. வால்வு மூடத் தொடங்கியது 2:47:19. பம்புகள் நின்று கிட்டத்தட்ட இரண்டு நிமிடம் கழித்தே வால்வு நகர்ந்திருக்கிறது. டிரிப்புக்கும் எச்சரிக்கைக்கும் இடையிலுள்ள 27 விநாடியும் பேசுகிறது. அழுத்தம் குறைந்த செய்தி குழாய் வழியாக வந்து சேர 11 விநாடி, எச்சரிக்கைக்கு நிரலில் வைத்த தாமதம் 10 விநாடி, மிச்சம் ஓட்டம் படிப்படியாகக் குறைய எடுத்துக்கொண்ட நேரம்.

எங்கள் கணக்கை மட்டும் நம்பச் சொல்வது முறையாகாது என்பதால், இந்தக் கடிகாரங்களோடு தொடர்பில்லாத இரண்டு சான்றுகளைத் தேடினோம். மின்வாரிய உதவிப் பொறியாளர் முன்னிலையில் முதல் நிலையத்தின் உயரழுத்த மீட்டரிலிருந்து நிகழ்வுப் பதிவு எடுக்கப்பட்டது. மீட்டருக்கும் சொந்தக் கடிகாரம் உண்டு, அதற்கும் பிழை உண்டு. அதையும் ஜிபிஎஸ்ஸோடு ஒப்பிட்டுக் கழித்தபோது மின்சாரம் போன நேரம் 2:45:23 என்று வந்தது. மூன்று விநாடி வேறுபாடு. இரண்டாவது, ஆப்பரேட்டர்கள் இருவரின் கைபேசி அழைப்புப் பட்டியல். முதல் நிலையத்திலிருந்து இரண்டாம் நிலையத்துக்கான அழைப்பு இரண்டு கைபேசியிலும் 2:46 என்று இருந்தது. கைபேசி தன் நேரத்தை வலையமைப்பிலிருந்து பெறுகிறது. இரண்டாம் நிலைய ஆப்பரேட்டர் முதல் நாளிலிருந்தே இதைத்தான் சொல்லிவந்தார், அதை யாரும் கேட்டு வாங்கிப் பார்க்கவில்லை.

உண்மையில் இந்தக் கணக்கு எதுவும் இல்லாமலே ஒரு முடிவுக்கு வந்திருக்க முடியும். ஓட்டம் குறைந்த எச்சரிக்கையும் வால்வு மூடத் தொடங்கியதும் ஒரே பிஎல்சியின் ஒரே கடிகாரத்தில் பதிவானவை. அந்தக் கடிகாரம் ஆறு நிமிடம் பிந்தியிருந்தாலும் ஆறு மாதம் பிந்தியிருந்தாலும், அவ்விரண்டின் வரிசையும் 92 விநாடி இடைவெளியும் மாறப்போவதில்லை. ஓட்டம் விழுந்த பிறகே வால்வு மூடப்பட்டது என்பது அந்தப் பட்டியலிலேயே இருந்தது. இன்னொரு கடிகாரத்தின் வரிகளை நடுவில் செருகியதுதான் அதை மறைத்தது.

குழாய் உடைந்த காரணம்

ஏர் வால்வுத் தொட்டியைத் திறந்து வால்வைக் கழற்றியபோது, உள்ளே மிதக்கும் பந்து சுண்ணாம்புப் படிவால் இருக்கையோடு ஒட்டியிருந்தது, ரப்பர் வளையம் கல் போல இறுகியிருந்தது. பம்பு நின்று மேட்டில் அழுத்தம் விழுந்தபோது காற்றை உள்ளே விட வேண்டிய வால்வு திறக்கவே இல்லை. வெற்றிடம் உண்டாகி, நீர்த்தம்பங்கள் மோதி, இணைப்பு பிய்ந்தது என்ற விளக்கத்தைப் பொறியியல் பிரிவும் ஏற்றுக்கொண்டது.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

எவ்வளவு துல்லியம் தேவை என்பதையே முதலில் தீர்மானித்தோம். மின் துணைநிலையங்களில் மில்லி விநாடி கேட்பார்கள், அதற்கு ஒவ்வொரு இடத்திலும் செயற்கைக்கோள் கடிகாரம் வேண்டும். இங்கே ஒரு முனையில் நடப்பது மறுமுனைக்குத் தெரியவே 11 விநாடி ஆகிறது. அதில் பாதிக்குள், அதாவது 5 விநாடிக்குள் எல்லாக் கடிகாரங்களும் ஒத்திருந்தால் வரிசை குழம்பாது. எனவே நிலையத்துக்கு ஒரு ஜிபிஎஸ் கடிகாரம் என்ற விலைப்புள்ளியைத் தள்ளிவைத்தோம்.

முதல் நிலையத்தின் பழைய பிஎல்சி தொழிற்கருவிகளுக்கான மாட்பஸ் தொடர் இணைப்பை மட்டுமே அறியும், வலையமைப்பு வழியாக நேரம் பெறும் முறையான என்டிபி அதற்குத் தெரியாது. இரண்டாம் நிலையத்தினுடையது ஈதர்நெட் உள்ளது, என்டிபி மூலம் தானே நேரம் கேட்டுப் பெறக்கூடியது. ஆயினும் ஒவ்வொரு பேனலையும் வெளி இணையத்தோடு பேச விடுவதற்கு எங்களுக்கு விருப்பமில்லை. ஸ்காடா கணினி மட்டும் புதுதில்லி தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் நேர வழங்கிகளிடமிருந்து நேரம் பெற்று, நாளுக்கு ஒரு முறை இரண்டு பிஎல்சிக்கும் எழுதும் என்று முடிவானது. கணினி அமைப்புகள் தேசிய தகவலியல் மையம் அல்லது இந்த ஆய்வகத்தின் வழங்கிகளோடு நேரம் ஒத்திருக்க வேண்டும் என்று இந்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரல் 28இல் வெளியிட்ட உத்தரவு சொல்கிறது. அலுவலகக் கணினிகளில் அது நடந்திருந்தது, நீரேற்று நிலையப் பேனல்வரை அந்தக் கவனம் வரவில்லை. சிம் கார்டு வழியாக எழுதும்போது ஓரிரு விநாடி தாமதம் கூடக் குறைய வரும், 5 விநாடி எல்லைக்குள் அது அடங்கும்.

நேரத்தை எழுதும் நிரலில்தான் அதிகக் கவனம் தேவைப்பட்டது. முதல் வரைவில் நள்ளிரவு 12 மணிக்கு எழுதுவதாக இருந்தது. நாள் மொத்த ஓட்டத்தைப் பதிந்து பூச்சியமாக்கும் வேலையும் அதே கணத்தில் நடப்பதால், 12 மணி தாண்டிய கடிகாரம் மூன்று விநாடி பின்னுக்கு இழுக்கப்பட்டால் அந்த வேலை இரண்டு முறை நடக்கும், முன்னுக்குத் தள்ளப்பட்டால் நடக்காமலே போகலாம். மேசைச் சோதனையில் இரண்டாவது முறை பூச்சியம் பதிவானது கண்ணுக்கே தெரிந்தது. எனவே எந்த அட்டவணை வேலையும் இல்லாத பகல் 11:17க்கு மாற்றினோம். பம்பு தொடக்கத் தாமதம் போன்ற டைமர்கள் தேதிக் கடிகாரத்தை நம்பி ஓடுவதில்லை என்பதால் அவற்றுக்குப் பாதிப்பில்லை.

மேலும் இரண்டு காவல்கள் வைத்தோம். வேறுபாடு 60 விநாடிக்கு மேல் இருந்தால் பிஎல்சி புதிய நேரத்தை ஏற்காமல் எச்சரிக்கை எழுப்பும், மனிதர் பார்த்த பிறகே திருத்தம். திருத்தத்துக்கு முன்னும் பின்னும் இருந்த நேரங்கள் நிகழ்வுப் பட்டியலிலேயே ஒரு வரியாகப் பதிவாகும். சோதனையிலேயே முதல் காவல் பயன்பட்டது. ஸ்காடா மென்பொருள் உலகப் பொது நேரத்தை அனுப்பிவிட, ஐந்தரை மணி நேர வேறுபாட்டைக் கண்ட பிஎல்சி அதை மறுத்துவிட்டது.

பின்னர் நடந்தவை

குறிப்பாணை எழுத்துமூலம் திரும்பப் பெறப்பட்டது, பிடித்தம் கைவிடப்பட்டது. ஏர் வால்வுகள் வரிசையாகக் கழற்றிப் பார்க்கப்பட்டபோது வேறு சிலவும் ஒட்டிக் கிடந்தன. இந்த நிகழ்வில் திட்டத்துக்குக் கிடைத்த பெரிய பலன் என்று நான் கருதுவது அதைத்தான். ஆப்பரேட்டரைக் குற்றம் சொல்லி அறிக்கை முடிந்திருந்தால், அந்த வால்வுகள் அடுத்த மின்தடைக்காகக் காத்திருந்திருக்கும்.

நாள்தோறும் பதிவாகும் திருத்த அளவு எதிர்பாராத வகையில் பயன்பட்டது. இரண்டாம் நிலையத்தில் ஜூனில் 3.4 விநாடியாக இருந்த திருத்தம், காற்றாடியின் வடிகட்டியை மாற்றி மின்வழங்கியை இடம் மாற்றிய பிறகு குறையத் தொடங்கி, டிசம்பரில் இரண்டு விநாடிக்கும் கீழே வந்தது. பேனல் எவ்வளவு சூடாக இருக்கிறது என்பதை அந்த எண் தனிக் கருவியின்றியே காட்டிக்கொண்டிருக்கிறது. முதல் நிலையத்தில் ஒரு நாள், நீண்ட மின்தடையில் யுபிஎஸ்ஸும் தீர்ந்து பிஎல்சி அணைந்து எழுந்தபோது, தேதி பல ஆண்டு பின்னோக்கிப் போயிருந்தது. 60 விநாடிக் காவல் அதை மறுத்து எச்சரித்தது, பேட்டரி தீர்ந்திருப்பது அப்போதுதான் தெரிந்தது.

மாற்றிச் செய்ய வேண்டியவை

விசாரணைக்காகப் பட்டியலை எடுக்கும் எவரும், எடுக்கும் அதே கணத்தில் அந்தக் கருவியின் கடிகாரம் சரியான நேரத்திலிருந்து எவ்வளவு விலகியிருக்கிறது என்பதை எழுதி இணைக்க வேண்டும் என்று இப்போது படிவத்தில் ஒரு கட்டம் சேர்க்கப்பட்டுள்ளது. அந்தக் கட்டம் காலியாக இருந்தால் இரண்டு நிலையப் பட்டியல்களை ஒன்றாக அடுக்கக் கூடாது, ஒவ்வொன்றையும் தனித்தனியாகவே வாசிக்க வேண்டும். ஸ்காடா அச்சிடும் கூட்டுப் பட்டியலிலும் ஒவ்வொரு வரிக்கும் எதிரே எந்தக் கடிகாரம் என்பதும் அன்றைய திருத்த அளவும் அச்சாகின்றன.

முதல் நிலையத்தின் வெளியேற்று அழுத்தம் இன்னும் முள் மானியிலும் மணிக்கொரு முறை எழுதும் பதிவேட்டிலும்தான் இருக்கிறது. அது விநாடிக்கு விநாடி பிஎல்சியில் பதிவாகியிருந்தால், வால்வு முன்னதாக மூடப்படவில்லை என்பதை ஒற்றை வரைபடம் காட்டியிருக்கும். அழுத்த உணரி வாங்குவதற்கான மதிப்பீடு அனுப்பப்பட்டிருக்கிறது. ஸ்காடாவின் ஐந்து நிமிட வாசிப்பைக் குறைப்பதா, அல்லது அளவுகளை பிஎல்சியிலேயே சேமித்து நிகழ்வின் போது மட்டும் அனுப்புவதா என்பது டேட்டா கட்டணத்தைப் பார்த்து முடிவாக வேண்டியிருக்கிறது.